பலவற்றிலிருந்து ஒன்று

அமெரிக்காவில் இன்று புழங்கும் எந்த நாணயத்தைப் புரட்டினாலும் அதில் மூன்று லத்தீன் சொற்கள் இருக்கும்: ஈ ப்ளூரிபஸ் யூனம். பலவற்றிலிருந்து ஒன்று என்று பொருள். ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில் கழுகின் அலகிலிருந்து தொங்கும் சுருளில் இதே சொற்கள்தாம். அந்நாட்டுக் கடவுச்சீட்டின் அட்டையிலும், அதிபர் நின்று பேசும் மேடையின் முத்திரையிலும் இவையே. மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போய் அங்கே குடியுரிமை பெற்ற எத்தனையோ தமிழர்கள் இந்த வாசகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்து போகிறார்கள்.

மாளிகைகளின் முகப்பிலும் பள்ளிகளின் சின்னங்களிலும் லத்தீன் வாசகங்களைப் பொறித்துவைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவற்றில் பல, பொறித்த இடத்திலேயே நின்றுவிட்டவை. இந்த வாசகம் அப்படி நிற்கவில்லை. ரோமானிய உழவன் ஒருவனின் அடுப்படியில் தொடங்கி, லண்டன் பத்திரிகை ஒன்றின் முகப்பு வழியாக, அடிமைகளை வைத்திருந்த ஒரு குடியரசின் முத்திரைக்குள் புகுந்து, 2025இல் நீதிமன்றங்களுக்கு வந்த குடியுரிமை வழக்குகள் வரை வந்திருக்கிறது. வழியில் அதன் எழுத்துகள் அதிகம் மாறவில்லை. ‘பல’ என்பதற்குள் யார் யார் அடங்குவார்கள் என்ற கணக்குதான் மாறிக்கொண்டே வந்தது. அந்தக் கணக்கின் கதைதான் இந்த வாசகத்தின் வாழ்க்கை.

அடுப்படியில்

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் லத்தீனில் ‘மொரேதும்’ என்று ஒரு சிறு கவிதை எழுதப்பட்டது. பல நூற்றாண்டுகளாக அதை ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் பெயரில் வைத்துப் படித்தார்கள். இன்றைய அறிஞர்கள் அவர் எழுதியதாகக் கருதுவதில்லை. போர் இல்லை, தெய்வங்கள் இல்லை. குளிர்காலத்து விடியற்காலையில் சிமுலுஸ் என்ற ஏழை உழவன் எழுந்து தன் காலைச் சாப்பாட்டைச் செய்துகொள்வதுதான் கதை முழுவதும். இருட்டில் தடவித் தடவி அடுப்பை அடைகிறான். சாம்பலுக்குள் உறங்கும் நெருப்பை ஊதி எழுப்புகிறான். திரிகையில் தானியத்தை அரைத்து மாவாக்கி ரொட்டி தட்டுகிறான்.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். தோட்டத்துக்குப் போய் நான்கு பூண்டுகளைத் தோண்டுகிறான். கொத்தமல்லியும் அருவதா இலையும் இன்னும் சில கீரைகளும் பறிக்கிறான். கல்லுரலில் பூண்டையும் உப்பையும் பாலாடைக்கட்டியையும் போட்டு, கீரைகளைச் சேர்த்து இடிக்கிறான். பூண்டின் நெடி கண்ணைக் கரிக்க, கையால் துடைத்துக்கொண்டே இடிக்கிறான். கொஞ்சம் எண்ணெயும் காடியும் விட்டு, இரண்டு விரல்களால் உரலை வழித்து எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகத் திரட்டுகிறான். நம் வீட்டு அம்மியில் அரைபடும் துவையலுக்கு இது தூரத்து உறவு என்று சொல்லலாம். இடிக்க இடிக்கப் பச்சையும் வெள்ளையும் தத்தம் நிறத்தை இழந்து, பல நிறங்களிலிருந்து ஒரு நிறம் உண்டாவதைக் கவிஞர் குறிப்பிடுகிறார். பிற்காலத்து வாசகம் ஏறக்குறைய இதே வடிவில் அங்கே இருக்கிறது. வேறுபாடு கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும்.

அந்த அடுப்படியில் இன்னொருவரும் இருக்கிறார். பெயர் ஸ்கிபலே, ஆப்பிரிக்கப் பெண். சிமுலுஸின் வீட்டில் அவனைத் தவிர வேறு ஆள் அவர் மட்டுமே. அவரை ஆப்பிரிக்கர் என்று சொல்வதோடு நில்லாமல் அவருடைய முடியையும் உதட்டையும் நிறத்தையும் கவிஞர் விரிவாக வருணிக்கிறார். அடுப்பில் விறகு வைப்பவரும், கடைசியில் வெந்த ரொட்டியை எடுத்துத் தருபவரும் அவரே. சிமுலுஸ் ரொட்டியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு, பசி பயம் நீங்கி, மாடுகளைப் பூட்டி உழப் போகிறான். ஸ்கிபலே சாப்பிட்டாரா என்பதைப் பற்றிக் கவிதை பேசுவதில்லை. இந்தப் பெண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பலரிலிருந்து ஒன்று என்ற எண்ணம் ரோமில் அடுப்படியோடு நிற்கவில்லை. கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், நண்பர்கள் பலர் ஒருவராவதைப் பற்றிச் சொல்லும்போது இதே சொற்களைச் சற்று இடம் மாற்றிப் பயன்படுத்தினார். அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வட ஆப்பிரிக்காவில் பிறந்த கிறித்தவ அறிஞர் அகஸ்டின், இளமையில் தன் துயரை ஆற்றிய நண்பர்களை நினைத்து எழுதும்போதும் அந்தச் சொற்களே அவர் கைக்கு வந்தன. உணவிலிருந்து நட்புக்கு ஏறிய சொற்கள் அரசியலுக்கு வர இன்னும் 1300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பூங்கொத்து

1685இல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த நாந்த் ஆணையை ரத்து செய்தார். லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ரூவான் நகரத்தில் பிறந்த பீட்டர் மோட்டோ என்ற இளைஞரும் அந்த ஆண்டில் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆங்கிலத்தில் தேர்ந்து, பின்னாளில் ‘டான் கிஹோட்டே’யையே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 1692இல் ‘ஜென்டில்மேன்ஸ் ஜர்னல்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். செய்தி, கவிதை, கதை, இசை, அறிவியல் எல்லாம் கலந்த இதழ். அதன் முகப்பில் ஒரு பூங்கொத்தையும் ஈ ப்ளூரிபஸ் யூனம் என்ற வாசகத்தையும் போட்டார். பல பூக்கள், ஒரு கொத்து.

மோட்டோவின் இதழ் சில ஆண்டுகளே நடந்தது. 1731இல் எட்வர்ட் கேவ் என்ற அச்சகர் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழைத் தொடங்கியபோது அதே வாசகமும் ஒரு கை பற்றியிருக்கும் பூங்கொத்தும் மீண்டும் முகப்புக்கு வந்தன. பொருட்களைச் சேமித்துவைக்கும் கிடங்குக்கு வழங்கிய ‘மேகசின்’ என்ற பெயரைப் பருவ இதழுக்கு முதலில் வைத்தவர் கேவ்தான். நாடெங்கும் வெளிவந்த இதழ்களிலிருந்து நல்லவற்றைத் தேர்ந்து ஓரிடத்தில் தருவது அவர் திட்டம். அதற்கு இந்த வாசகம் கச்சிதமாகப் பொருந்தியது. சாமுவேல் ஜான்சன் பெரிய எழுத்தாளராக வளரும் முன் வேலை பார்த்தது இங்கேதான். கப்பலேறி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அந்த இதழ் போயிற்று. படித்த வீடுகளில் ஆண்டுத் தொகுதிகளாகக் கட்டிவைத்தார்கள். அமெரிக்கர்களின் கண்ணுக்கு இந்த மூன்று சொற்கள் பழகியது பெரும்பாலும் இந்தத் தொகுதிகளின் முகப்பில்தான் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு.

ஆறு நாடுகள், பதின்மூன்று கேடயங்கள்

1776 ஜூலை 4. பிலடெல்பியாவில், பதின்மூன்று குடியேற்றங்களின் பேரவையான கான்டினென்டல் காங்கிரஸ் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றது. அதே நாளில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: புதிய நாட்டுக்கு ஒரு முத்திரை வடிவமைக்க பெஞ்சமின் பிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் மூவரும் ஒரு குழுவாக வேலை செய்ய வேண்டும். நாடுகளோடு ஒப்பந்தம் போட வேண்டுமென்றால் முத்திரை வேண்டும். ஐரோப்பிய அரசவைகள் மதிக்கும் மொழி லத்தீன். அதோடு, மன்னரை உதறிவிட்டுக் குடியரசு அமைக்கப் புறப்பட்ட இவர்கள் எல்லாரும் ரோமானியக் குடியரசின் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள்.

மூவரும் மூன்று திசையில் இழுத்தார்கள். செங்கடல் பிளந்து பார்வோனின் படை மூழ்கும் காட்சி வேண்டும் என்றார் பிராங்க்ளின். பாலைவனத்தில் இஸ்ரவேலர் நடந்துபோகும் காட்சி ஜெபர்சனுக்குப் பிடித்திருந்தது. நல்வழிக்கும் சுகபோகத்துக்கும் நடுவே நின்று யோசிக்கும் ஹெர்குலிஸை ஆடம்ஸ் விரும்பினார். ஓவியம் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. பியேர் யூஜீன் து சிமித்தியேரைக் கூப்பிட்டார்கள்.

ஜெனீவாவில் பிறந்தவர் து சிமித்தியேர். பல ஆண்டுகள் மேற்கிந்தியத் தீவுகளில் அலைந்து படங்கள் வரைந்து, ஊர் ஊராகப் பொருட்களைச் சேகரித்து, கடைசியில் பிலடெல்பியாவில் தங்கியவர். துண்டறிக்கைகள், நாணயங்கள், சங்குகள், பழங்குடியினரின் கைவினைப் பொருட்கள் என்று அவர் வீடு நிரம்பியிருந்தது. 1782இல் அந்த வீட்டையே அருங்காட்சியகமாகத் திறந்தார். 1784இல் வறுமையில் இறந்தார். அவர் சேர்த்தவை ஏலத்தில் சிதறிப் போயின.

அவர் வரைந்து கொடுத்த முத்திரையின் அடியில் ஈ ப்ளூரிபஸ் யூனம் இருந்தது. நடுவில் பெரிய கேடயம்; அது ஆறு பகுதிகளாகப் பிரிந்திருந்தது. இங்கிலாந்துக்கு ரோஜா, ஸ்காட்லாந்துக்கு முட்செடிப் பூ, அயர்லாந்துக்கு யாழ், பிரான்சுக்கு லில்லி, ஹாலந்துக்குச் சிங்கம், ஜெர்மனிக்குக் கழுகு. குடியேறியவர்கள் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தார்கள் என்பதன் படம் அது. சுற்றிலும் பதின்மூன்று சிறு கேடயங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு மாநிலத்தின் பெயரெழுத்து. லத்தீன் வாசகத்தில் எழுத்துகளை எண்ணினாலும் பதின்மூன்று வரும்.

நாடுகளை எண்ணிப் படம் வரைந்த அந்த வரைவில் ஆப்பிரிக்கா இல்லை. அப்போது அந்தக் குடியேற்றங்களில் வாழ்ந்த மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். மிகப் பெரும்பாலோர் அடிமைகள். அவர்கள் விளைவித்த புகையிலையும் நெல்லும் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த மண்ணுக்கு உரிய பழங்குடியினருக்கும் கேடயத்தில் இடமில்லை. அவர்களுடைய பொருட்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் கையால் வரைந்த கேடயம் அது. ஸ்கிபலே ரொட்டி எடுத்துக் கொடுத்த அடுப்படியிலிருந்து வந்த சொற்கள், அவருடைய கண்டத்தைச் சேர்ந்தவர்களை விட்டுவிட்டுத் தங்கள் அரசியல் வாழ்வைத் தொடங்கின.

ஆகஸ்ட் 20 அன்று குழு அறிக்கை கொடுத்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று மேசைமேல் வைத்துவிட்டது.

அநாதைச் சிறுவன் எடுத்த முடிவு

1780இல் இரண்டாவது குழு கூடி, போருக்கும் அமைதிக்கும் ஆயத்தம் என்ற பொருளில் வேறொரு லத்தீன் வாசகத்தைக் கொண்டுவந்தது. அது எடுபடவில்லை. 1782 மே மாதம் மூன்றாவது குழு. அதுவும் தேறவில்லை. ஜூன் 13 அன்று காங்கிரஸ் மூன்று குழுக்களின் தாள்களையும் கட்டி ஒருவர் கையில் கொடுத்தது. அவர் காங்கிரஸின் செயலாளர் சார்ல்ஸ் தாம்சன்.

தாம்சன் அயர்லாந்தில் 1729இல் பிறந்தவர். தாயை இழந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தந்தை 1739இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கரையைத் தொடும் முன்பே கப்பலில் இறந்துபோனார். பத்து வயதில் அநாதையாக இறங்கிய சிறுவன் படித்து, பிலடெல்பியாவில் லத்தீன் ஆசிரியர் ஆனார். 1774 முதல் 1789 வரை கான்டினென்டல் காங்கிரஸ் இருந்த காலம் முழுவதும் அதன் ஒரே செயலாளர் இவர்தான்.

லத்தீன் ஆசிரியரின் கண் அந்தக் கட்டுக்குள் இருந்த எல்லாவற்றையும் அலசியது. முதல் குழுவின் வரைவிலிருந்து அந்த மூன்று சொற்களை எடுத்தார். ஐரோப்பாவின் ஆறு சின்னங்களையும் நீக்கினார். அமெரிக்க மண்ணின் வெண்தலைக் கழுகை நடுவில் நிறுத்தி, ஒரு காலில் ஆலிவ் கிளையையும் மறுகாலில் பதின்மூன்று அம்புகளையும் கொடுத்து, அலகில் வாசகச் சுருளைக் கவ்வ வைத்தார். மூன்றாவது குழுவுக்கு உதவிய வில்லியம் பார்ட்டன் சில திருத்தங்கள் செய்தார். ஆறு ஆண்டுகளாக முடியாத வேலை ஒரே வாரத்தில் முடிந்து, 1782 ஜூன் 20 அன்று காங்கிரஸ் முத்திரையை ஏற்றது. அந்தச் செப்டம்பரில், போர்க் கைதிகளைப் பரிமாறிக்கொள்ளப் பேச்சு நடத்தப் படைத்தலைவர் வாஷிங்டனுக்கு அதிகாரம் தரும் ஆவணத்தில் முத்திரை முதன்முதலாகப் பதிந்தது.

தாம்சன் கொடுத்த விளக்கத்தில் வாசகத்துக்குப் பொருள் மாநிலங்களின் ஒன்றிப்பு. பதின்மூன்று அரசுகள், ஒரு நாடு. மனிதர்களைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. ஆனாலும் இந்தச் சொற்களைக் கைமாற்றித் தந்தவர்களைப் பாருங்கள்: மதத்துக்காகத் துரத்தப்பட்ட பிரெஞ்சு அகதி, ஜெனீவாவை விட்டு அலைந்த ஓவியர், தந்தையைக் கடலில் பறிகொடுத்த அயர்லாந்துச் சிறுவன். மூவரும் பிறந்த ஊரில் வாழாதவர்கள். மாநிலங்களுக்காக எடுத்த வாசகத்தில், புலம்பெயர்ந்தவர்கள் தங்களையே வாசிக்கும் நாள் வரத்தான் செய்தது.

கணக்கெடுப்பு

1786இல் நியூ ஜெர்சி மாநிலம் அடித்த செப்புக் காசுகளில் வாசகம் முதன்முதலாக நாணயம் ஏறியது. ஒரு பக்கம் குதிரைத் தலையும் கலப்பையும், மறுபக்கம் கேடயமும் வாசகமும். 1795இல் ஐந்து டாலர் பொற்காசில் வந்தது. பிறகு 1830களில் பல காசுகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1873ஆம் ஆண்டுச் சட்டம் நாணயங்களில் அது இருந்தே ஆக வேண்டும் என்றது.

காசில் ‘பல’ என்று பொறித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சட்டப் புத்தகத்தில் மனிதர்களை எண்ணுவதற்கு விதிகள் எழுதப்பட்டன. 1787இல் எழுதிய அரசமைப்பு, மாநிலங்களுக்கு எத்தனை உறுப்பினர்கள் என்று கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்னது. வரி கட்டாத பழங்குடியினரை எண்ணவே வேண்டாம் என்றது. 1790ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வெளியிலிருந்து வருபவர்களில் சுதந்திரமான வெள்ளையர்கள் மட்டுமே குடிமக்கள் ஆகலாம் என்றது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் அடிமைகளாக இருந்தாலும் விடுதலை பெற்றிருந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளிலும் நாட்டின் பெருமுத்திரையில் பலவற்றிலிருந்து ஒன்று என்றுதான் இருந்தது.

1860–61இல் பிரிந்துபோன தென்மாநிலங்கள் 1863இல் தங்களுக்கென்று ஒரு முத்திரை செய்துகொண்டன. குதிரைமேல் வாஷிங்டன், சுற்றிலும் பருத்தி, புகையிலை, கரும்பு, சோளம், கோதுமை, நெல் சேர்ந்த மாலை. வாசகம் இதுவும் லத்தீன்தான்: தேயோ விந்திசே, கடவுளே எங்களுக்குக் காப்பு என்று பொருள்படுவது. அந்த மாலையில் இருந்த பருத்தியையும் புகையிலையையும் கரும்பையும் விளைவித்த கைகள் யாருடையவை என்பது அதைச் செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1860ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். இரண்டு லத்தீன் வாசகங்களுக்கு நடுவே நடந்த போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மடிந்தார்கள். போர் முடிந்ததும் 1868இல் பதினான்காவது திருத்தம் வந்தது: அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் அனைவரும் குடிமக்கள்.

‘பல’ பெருகியது, ஆனால் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குத் தடை. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கு. அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து வந்து முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய சீக்கியர் அவர். மானுடவியலார் வகுப்பின்படி நான் காகேசிய இனம் என்று வாதாடினார். சாதாரண மனிதர்கள் ‘வெள்ளையர்’ என்று புரிந்துகொள்வதில் நீ அடங்கமாட்டாய் என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். பழங்குடியினர் எல்லாரையும் குடிமக்களாக ஏற்ற சட்டம் வந்ததே 1924இல்தான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விண்மீன்களின் முடிவைப் பற்றிய அவருடைய கணக்கு அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. அப்படிப்பட்டவர் வந்திறங்கிய நாளில் சட்டப்படி அவர் அந்நாட்டுக் குடிமகன் ஆக வழியில்லை. 1946இல் வந்த சட்டம் இந்தியர்களுக்கும் பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் அந்தக் கதவைத் திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர்கள் குடிபெயரலாம், குடியுரிமையும் கோரலாம். சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அமெரிக்கா அவரைத் தன்னவர் என்று கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்துக்கான உரிமையை அதற்கு வாங்கித் தந்தது 1946ஆம் ஆண்டுச் சட்டம்.

இடம் இழந்த வாசகம்

1935இல் அச்சான ஒரு டாலர் நோட்டில் பெருமுத்திரையின் இரு பக்கங்களும் இடம்பெற்றன. முத்திரையின் படத்தை அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் காட்டி யோசனை சொன்னவர் வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ். அன்று முதல் உலகில் மிக அதிகமாகக் கைமாறும் லத்தீன் வாசகங்களில் இதுவும் ஒன்றாயிற்று.

ஆனால் நாட்டின் அதிகாரபூர்வ வாசகம் இதுதான் என்று எந்தச் சட்டமும் சொல்லியிருக்கவில்லை. பழக்கத்தால் வந்த மதிப்பே அதற்கு இருந்தது. சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, கடவுள் மறுப்பாளர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசியலாளர்கள் நினைத்தார்கள். 1864 முதல் சில காசுகளில் இருந்துவந்த ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற ஆங்கில வாசகத்தைத் தேசிய வாசகமாக்கும் தீர்மானத்தில் 1956 ஜூலை 30 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். 174 ஆண்டுகள் நாட்டுக்கு முகமாக இருந்த லத்தீன் வாசகம் முத்திரையிலும் காசுகளிலும் மட்டும் தங்கியது. எந்த நம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் சேர்ந்து நிற்க இடமிருந்த வாசகத்துக்குப் பதில், நம்பிக்கை உடையவர்களை மட்டும் அழைக்கும் வாசகம் வந்தது. இதை இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

கடல் தாண்டிய கிளைகள்

அதற்குள் வாசகம் வேறு கரைகளையும் தொட்டிருந்தது. 1904இல் லிஸ்பனில் தொடங்கிய பென்பிகா கால்பந்துக் கழகம் இதே மூன்று சொற்களைத் தன் வாசகமாக்கிக்கொண்டது. அதன் சின்னத்திலும் ஒரு கழுகு.

ஜமைக்காவில் நடந்தது இன்னும் ஆழமானது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அந்தத் தீவின் சின்னத்தில் ஒரு லத்தீன் வாசகம் இருந்தது. கிழக்கு, மேற்கு என்ற இரண்டு இந்தியாக்களும் ஒருவருக்கே பணி செய்யும் என்று பொருள். ஒருவர் என்றால் இங்கிலாந்து மன்னர். 1962இல் விடுதலை பெற்றபோது ஜமைக்கா அதை அழித்துவிட்டு, பலரிலிருந்து ஒரே மக்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியது. ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியினர், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் சந்ததியினர், சீனர், ஐரோப்பியர் எல்லாரும் சேர்ந்த நாடு அது. 1776இன் கேடயத்தில் இடம் கிடைக்காத கண்டத்து மக்கள் தங்கள் நாட்டின் சின்னத்தில் அந்த எண்ணத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

அந்தத் தீவிலிருந்து 1961இல் பெர்க்லியில் படிக்கப் போனவர் டொனால்ட் ஹாரிஸ். 1958இல் பத்தொன்பது வயதில் இந்தியாவிலிருந்து அதே பல்கலைக்கழகத்துக்குப் போனவர் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன். பின்னாளில் மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர். இவர்களின் மகள் கமலா ஹாரிஸ் 2021இல் அமெரிக்கத் துணை அதிபரானார். துணை அதிபரே செனட் அவையின் தலைவர். அவை மண்டபத்தில் அந்தத் தலைமை இருக்கைக்கு மேலே சுவரில் பொறித்திருக்கும் சொற்கள் ஈ ப்ளூரிபஸ் யூனம்.

அவையில் வாக்குகள் சமமாகப் பிரிந்தால் துணை அதிபர் தன் வாக்கைப் போட்டு முடிவு செய்யலாம். அப்படி அதிகமுறை வாக்களித்தவர் என்ற பெயர் ஏறத்தாழ 190 ஆண்டுகளாக ஜான் கல்ஹூனிடம் இருந்தது, 31 முறை. தென் கரோலினாவைச் சேர்ந்த கல்ஹூன், அடிமை முறை ஒரு நன்மையே என்று செனட்டில் நின்று வாதாடியவர். கூட்டரசின் சட்டத்தை மாநிலம் ஒன்று செல்லாததாக்கலாம் என்ற கொள்கைக்குத் தலைமை தாங்கியவர். 2023இல் அந்த எண்ணிக்கையை ஹாரிஸ் கடந்தார். பதவிக்காலம் முடியும்போது அவருடைய கணக்கு 33. ஹாரிஸின் அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அந்தச் சொற்களுக்குக் கீழே யார் உட்காரலாம் என்பது தானாக மாறிவிடவில்லை. போர்களும் வழக்குகளும் சட்டத் திருத்தங்களும் சேர்ந்து மாற்றியது அது.

மீண்டும் ஒரு வழக்கு

மாற்றம் ஒரே திசையில் போகும் என்பதற்கும் உறுதி இல்லை. 2025 ஜனவரி 20 அன்று, சட்டப்படி அனுமதியின்றி இருப்பவர்களுக்கும் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகள் பிறப்பால் குடிமக்கள் ஆவதை நிறுத்தும் அதிபரின் ஆணை வெளியானது. உடனே வழக்குகள் தொடரப்பட்டன. நீதிபதிகள் அதைத் தடுத்தார்கள். வழக்கின் மையம் 1868இன் அந்தப் பதினான்காவது திருத்தம். வேலை விசாவில் கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தாய் தந்தை இருவருக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை இல்லாத வீடுகளின் பிள்ளைகளும் அந்த ஆணையின் வரம்புக்குள் வந்தார்கள். வாசகம் நமக்கு அயலார் விவகாரம் என்று ஒதுங்க இடமில்லை.

ஒரு வாசகத்தைக் கல்லில் பொறிப்பது எளிது. படிப்பவர்களுக்குப் புரியாத மொழியில் பொறித்தால் இன்னும் எளிது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஈ ப்ளூரிபஸ் யூனம் தப்பியது எதனாலென்றால், அதன் பொருளைத் தெரிந்துகொண்டவர்கள் அதைப் பொறித்தவர்களிடமே திருப்பிக் கேட்டார்கள். ‘பல’ என்றால் நாங்களும் உண்டுதானே என்று கேட்ட கறுப்பினத்தவர்கள், பழங்குடியினர், சீனர், இந்தியர் ஒவ்வொருவராகத்தான் அந்தச் சொல்லுக்கு இன்றைய அகலத்தைக் கொடுத்தார்கள்.

ஆகவே பள்ளி வாயிலிலோ நீதிமன்றத்தின் முகப்பிலோ நாணயத்திலோ நமக்குத் தெரியாத மொழியில் ஒரு வாசகம் இருந்தால், பொருளை விசாரித்துத் தெரிந்துகொள்வோம். தெரிந்ததோடு நிற்காமல், அந்தச் சொற்கள் யாரைக் கணக்கில் சேர்த்திருக்கின்றன, யாரை விட்டுவிட்டன என்றும் கேட்போம். விடுபட்டவர்கள் இருந்தால், பொறித்தவர்களின் சொற்களையே ஆதாரமாகக் காட்டி அவர்களுக்காக வாதாடலாம்.